பாடியவரும் பாட்டுக்கு உரியவரும்

கனடாவில் வசிக்கும் என் தங்கையின் மகன் சில மாதங்களுக்கு முன்னர் எனக்கு ஒரு பாடலை அனுப்பியிருந்தான். "மாமா, இதைக் கட்டாயம் கேளுங்கோ. ஜொனி காஷின்ர பாட்டு. கிழவன் உயிரை உருக்கிப் பாடியிருக்கிறான்" என்று குறிப்பும் எழுதியிருந்தான். அது 'ஹேர்ட்' என்ற பாடல். அதை எழுதியவர் காஷ் அல்லர் என்றும், நைன் இன்ச் நெய்ல்ஸ் என்ற குழுவின் ட்ரென்ற் ரெஸ்னர் எழுதி 1994இல் வெளியிட்ட பாடல் அது என்றும் நான் பதில் எழுதினேன். அவனுக்கு நம்ப முடியவில்லை. மூலப் பதிவைத் தேடிக் கேட்டுவிட்டு மறுநாள் தொலைபேசியில் அழைத்தான். "அப்ப உண்மையான பாட்டு எது மாமா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியை அவனுடைய வயதில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். றொக் இசையில் நாட்டமுள்ள வாசகர்கள் பலருக்கும் இது பழகிய விவகாரமாகவே இருக்கும். முதலில் பாடியவரின் பதிவுக்கு நிகராக எதுவும் வரமுடியாது என்று ஒரு சாரார் அடித்துச் சொல்வார்கள். மறு சாரார், பின்னர் பாடியவரே பாடலுக்கு உயிர் கொடுத்தார் என்று வாதிடுவார்கள். இரு சாராரும் பெரும்பாலும் ஒரே பதிவை நூறு தடவையும் மற்றதை ஒரு தடவையும் கேட்டவர்கள் என்பது என் அனுபவம்.

'ஹேர்ட்' பாடலை எழுதி வெளியிட்டபோது ரெஸ்னருக்கு 28 வயது. தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் ஓர் இளைஞனின் குரலில் ஏறக்குறைய முணுமுணுப்பாக அவர் பாடுகிறார். பின்னணியில் வரும் கிற்றாரில் சுருதி பிசகியது போன்ற ஒரு சுரம் திரும்பத் திரும்ப உறுத்துகிறது. அது வேண்டுமென்றே வைக்கப்பட்டது. ஆறாத புண்ணில் விரல் படுவது போன்ற ஒலி அது. முடிவில் இரைச்சலின் சுவர் ஒன்று எழும்பி, பாடலை மூடிவிடுகிறது. தயாரிப்பாளர் றிக் றூபினின் தூண்டுதலால் ஜொனி காஷ் இதைப் பாடி 2002 நவம்பரில் வெளியான தொகுப்பில் சேர்த்தபோது அவருக்கு 70 வயது. அந்த உறுத்தும் சுரம் காஷின் பதிவில் இல்லை. கிற்றார் நேர்சீராக ஒலிக்கிறது. பியானோவின் ஒரே சுரம் மேலும் மேலும் பலமாக அடிக்கப்படுகிறது. பிறகு எல்லாம் சட்டென்று நின்றுவிடுகிறது. வரிகளில் ஒரு சொல் மாத்திரமே மாறியிருக்கிறது. கிரீடத்தைப் பற்றிய இடத்தில் ரெஸ்னர் இழிசொல் ஒன்றை வைத்திருந்தார். காஷ் அதை முட்கிரீடமாக்கினார். மற்றெல்லாச் சொற்களும் அப்படியே இருக்க, பேசுகிற ஆள் மாறிவிட்டான். இளைஞன் சொன்னபோது வரப்போகும் அழிவைப் பற்றிய அச்சமாக இருந்தது, முதியவர் சொன்னபோது கடந்துபோன வாழ்வின் கணக்காகிவிட்டது.

மார்க் ரொமனெக் இயக்கிய காணொளியில் காஷின் வீடும், மூடப்பட்டுக் கிடந்த அவருடைய அருங்காட்சியகமும் வருகின்றன. படிக்கட்டில் நின்று கணவரைப் பார்க்கும் ஜூன் காட்டர் 2003 மே மாதத்தில் காலமானார். காஷ் அதே ஆண்டு செப்டெம்பரில் காலமானார். தொடக்கத்தில் தயக்கத்தோடு இருந்த ரெஸ்னர், அந்தக் காணொளியைப் பார்த்தபின் பாடல் இனித் தன்னுடையதல்ல என்று தோன்றியதாகச் செவ்விகளில் கூறியிருக்கிறார். பெருந்தன்மையான பேச்சுத்தான். ஆனால் அதை ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அந்த உறுத்தும் சுரத்தை இழந்த பாடலுக்கு ஏதோ ஒன்று குறைவாகவே இருக்கிறது. காஷின் பதிவைக் கேட்டுக் கண் கலங்கியவர்கள், ரெஸ்னரின் பதிவைக் கேட்டு நிம்மதியிழந்தும் பார்க்கவேண்டும்.

மருமகனின் கேள்விக்கு இதோடு பதில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் 'உண்மையான பாட்டு எது' என்ற கேள்விக்குள் 'பாட்டு யாருடையது' என்ற இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. பத்திரிகைத் தொழிலில் இருப்பவனுக்கு இந்த இரண்டாவது கேள்விதான் உறக்கத்தைக் கெடுக்கும்.

இத்தகைய பாடல்களைக் 'கவர்' என்று அழைப்பதற்கே ஒரு வியாபாரப் பின்னணி உண்டு. 1940களின் இறுதியிலும் 1950களிலும் அமெரிக்க இசைத்தட்டு வணிகத்தில், ஒரு கம்பனியின் பாட்டு விற்பனையில் ஏறத் தொடங்கியதும் மற்றக் கம்பனி தன் பாடகரைக்கொண்டு அதே பாட்டை அவசரமாகப் பதிவு செய்து சந்தைக்கு விடும். சந்தையைத் தன் பக்கமும் காப்பாற்றிக்கொள்வதற்கான ஏற்பாடு அது. நிறவேற்றுமை கோலோச்சிய அக்காலத்தில் இதன் பலன் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை ஊகிப்பது கடினமன்று. கறுப்பினப் பாடகர்களின் தட்டுகளை ஒலிபரப்பத் தயங்கிய வானொலி நிலையங்கள், அதே பாட்டை வெள்ளையர் பாடியபோது மகிழ்ச்சியோடு ஒலிபரப்பின. பற்ஸ் டொமினோ 1955இல் பாடிய 'எய்ன்ற் தற் எ ஷேம்' பாடலைப் பற் பூன் அதே ஆண்டில் பாடினார். பூனின் தட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போயிற்று. டொமினோவினுடையது 10ஆம் இடத்தோடு நின்றது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர்களுக்கு மேலும் விளக்கம் தேவைப்படாது. டொமினோவின் பியானோவில் நியூ ஓர்லியன்ஸ் நகரமே இருக்கிறது. பூனின் குரலில் நன்றாக இஸ்திரி போட்ட சட்டை ஒன்று இருக்கிறது.

சட்டம் இதற்கு இடமளித்தது. அமெரிக்காவில் 1909ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு பாடல் உரியவரின் அனுமதியோடு ஒரு முறை பதிவாகிவிட்டால், அதன்பின் எவரும் அதைப் பதிவு செய்யலாம். இயற்றியவருக்கு ஒரு பிரதிக்கு 2 சதம் கொடுத்தால் போதும். அந்த 2 சதம் 1977 முடியும்வரை மாறவேயில்லை. இதில் கவனிக்க வேண்டியது, பணம் பாட்டை எழுதியவருக்கே போகிறது. முதலில் பாடி அதற்கு ஓர் உருவத்தையும் நடையையும் கொடுத்தவருக்கு ஒரு சதமும் கிடையாது. டொமினோ தன் பாட்டைத் தானே கூட்டாக எழுதியவர் என்பதால் பூனின் வெற்றியிலும் அவருக்குப் பங்கு கிடைத்தது. எழுதாமல் பாடியவர்களின் கதை வேறு.

பிக் மாமா தோர்ன்டனின் கதை அப்படிப்பட்டது. ஜெறி லீபர், மைக் ஸ்ரோலர் என்ற இரு வெள்ளை யூத இளைஞர்கள், இருவருக்கும் அப்போது 19 வயது, அவருக்காகவே எழுதிக் கொடுத்த பாடல் 'ஹவுண்ட் டோக்'. 1952 ஓகஸ்டில் லொஸ் ஏஞ்சல்ஸில் பதிவாகி, மறு ஆண்டில் வெளியாகி, கறுப்பின இசைக்கான பட்டியலில் ஏழு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. வீட்டு வாசலில் வந்து நின்று குழைகிற உதவாக்கரை ஆண் ஒருவனை ஒரு பெண் விரட்டியடிக்கிற பாட்டு அது. நாய் என்பது அந்த மனிதன்தான். தோர்ன்டன் அவசரப்படவேயில்லை. ஒவ்வொரு சொல்லையும் மென்று துப்புகிறார். கிற்றார் அவருக்கு எதிர்ப்பேச்சுப் பேசுகிறது. இடையில் அவர் அந்தக் கிற்றார்க்காரரையும் அதட்டுகிறார். முடிவில் குழுவினர் நாய்களைப் போலக் குரைத்து ஊளையிடுகிறார்கள்.

எல்விஸ் பிறெஸ்லி 1956இல் பாடியது இந்தப் பாட்டையல்ல என்றுதான் சொல்லவேண்டும். லாஸ் வேகாஸில் பிறெடி பெல் என்பவரின் குழு வேடிக்கைக்காகச் சொற்களை மாற்றிப் பாடியதை அவர் கேட்டு, அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டார். பெண் போய்விட்டாள், அவளுடைய கோபத்துக்குக் காரணமான ஆண் போய்விட்டான், எஞ்சியது முயல் பிடிக்கத் தெரியாத ஒரு நாய். சொற்களுக்குப் பொருள் இல்லை என்று லீபரே சலித்துக்கொண்டார். ஆனால் 1956 ஜூலை 2ஆம் திகதி நியூயோர்க்கில் சுமார் 30 தடவை திரும்பத் திரும்பப் பாடிப் பதிவு செய்த அந்தத் தட்டில் ஒரு வெறி இருக்கிறது. வாக்கியங்களுக்கிடையில் இயந்திரத் துப்பாக்கிபோல் உருளும் ட்றம், ஸ்கொட்டி மூரின் கிற்றார், இடைவெளியே விடாத குரல் எல்லாம் சேர்ந்து, பொருளே தேவையில்லாத ஒரு பாட்டை உண்டாக்கிவிட்டன. அது 11 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. எனக்கு இரண்டும் பிடிக்கும். எது பெரிய பாட்டு என்று கேட்டால் தயங்காமல் தோர்ன்டனுடையதைச் சொல்வேன். எல்விஸின் வெற்றியால் அவருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. அவர் 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸில் காலமானார்.

இங்கே என் தொழில் சார்ந்த ஒன்றைச் சொல்லாமல் போகமுடியவில்லை. கொழும்பில் நான் உதவி ஆசிரியராக இருந்த காலத்தில் இரவுப் பணி என்றால் பெரும்பாலும் செய்தி நிறுவனங்களின் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவதுதான். எவரோ ஒரு நிருபர் எங்கோ ஒரு நாட்டில் நேரில் கண்டு எழுதியதை, நான் மேசையில் இருந்தபடி தமிழில் 'பாடிக்கொண்டிருந்தேன்'. தலைப்பும் நடையும் என்னுடையவை, கண்டது அவருடையது. அதனால் நிறுவனத்தின் பெயரை அடைப்புக்குறிக்குள் போடாமல் ஒரு செய்தியையும் நான் அச்சுக்கு விட்டதில்லை. பின்னர் நானே வன்னியின் கிராமங்களுக்குப் போய் இரண்டு வாரங்கள் அலைந்து எழுதிய கட்டுரையொன்று, வேறொரு பத்திரிகையில் முதற் பந்தி மட்டும் மாற்றப்பட்டு, பெயரில்லாமல் வெளியாகியிருந்ததைக் கண்டேன். சொல்லப்போனால் அந்த முதற் பந்தி என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. அது என் எரிச்சலைக் குறைக்கவில்லை.

ஆகவே கவர் பாடலை மதிப்பிடுவதற்கு எனக்கு இரண்டு கணக்குகள் தேவைப்படுகின்றன. ஒன்று காதுக்கு உரியது, மற்றது பெயருக்கும் காசுக்கும் உரியது. ஒன்றில் தேறுவது மற்றதில் தேறவேண்டும் என்றில்லை. எல்விஸின் தட்டு காதுக்கணக்கில் தேறியது. பற் பூனுடையது இரண்டிலும் தேறவில்லை.

காதுக்கணக்கைப் பற்றிச் சொல்வதானால், நம்மவர்களின் பழக்கம் ஒன்றையும் பேசவேண்டும். யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய இசைக்குழுக்கள் சினிமாப் பாட்டுப் பாடிய காலத்தில், பாடகன் ஒருவனுக்குக் கிடைத்த அதியுயர்ந்த பாராட்டு "அப்பிடியே றெக்கோட் மாதிரிப் பாடினான்" என்பதுதான். கொழும்பின் பெரிய ஹொட்டேல்களின் வரவேற்புக் கூடங்களிலும் 'ஹொட்டேல் கலிபோர்னியா'வின் கிற்றார்ப் பகுதியை ஒரு சுரம் பிசகாமல் வாசித்துக் கைதட்டல் வாங்கிய குழுக்களைப் பலதடவை கேட்டிருக்கிறேன். அந்த உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் தட்டு மாதிரியே பாடுவதற்குத் தட்டே போதுமல்லவா? வேடிக்கை என்னவென்றால், இதே திருவிழாவின் முன்னிரவில் கருநாடக இசைக் கச்சேரி கேட்டவர்கள் எவரும், தியாகராஜரின் கிருதியை வித்துவான் 'கவர்' செய்தார் என்று சொல்லமாட்டார்கள். அங்கே ஒவ்வொரு முறை பாடும்போதும் பாட்டு புதிதாகப் பிறக்கவேண்டும் என்றே எதிர்பார்க்கிறோம். முதற்பதிவு என்று ஒன்று கிடையாது. ஒலித்தட்டு வந்தபின்னர்தான் மூலம், நகல் என்ற பேச்சே வருகிறது.

பொப் டிலனின் 'ஓல் எலோங் த வோச்டவர்' பாடலை நான் அறிந்த விதமும் இதனோடு தொடர்புடையது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ். குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற் போயிற்று. பற்றரிகள் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருந்தன. பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவர்களாக இருந்த நாங்கள், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, அதன் டைனமோவில் இருந்து வயர் இழுத்து வானொலிச் செய்தி கேட்டோம். செய்தி முடிந்தபின் சில நாள்களில் கசெற்றும் போடுவோம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சில துளி மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கின் வெளிச்சத்தில், நண்பன் ஒருவனின் அண்ணன் இலண்டனில் இருந்து முன்னொரு காலத்தில் அனுப்பியிருந்த கசெற்றில்தான் ஜிமி ஹென்ட்றிக்ஸ் பாடிய அந்தப் பாட்டைக் கேட்டேன். சுற்றுபவனின் கை களைத்தால் ஹென்ட்றிக்ஸின் குரலும் களைத்துக் கீழே இறங்கும். "சுத்தடா, சுத்தடா" என்று கத்துவோம். குரல் மறுபடி ஏறும். அந்தப் பாட்டுக்கு அப்படியும் ஒரு வடிவம் உண்டு, அது எந்தத் தட்டிலும் இல்லை.

காவற்கோபுரம் ஒன்று, அதிலிருந்து நோக்குகிறவர்கள், விகடகவி ஒருவனும் திருடன் ஒருவனும் தங்களுக்குள் பேசிக்கொள்வது, தூரத்தில் வருகிற இரு குதிரைவீரர்கள், எழும்புகிற காற்று. பாட்டில் இருப்பது இவ்வளவுதான். பைபிளில் ஏசாயா தீர்க்கதரிசியின் 21ஆம் அதிகாரத்தில் பாபிலோனின் வீழ்ச்சியைக் காவற்காரன் அறிவிக்கும் இடத்தோடு இதை ஒப்பிடுவார்கள். எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. காவற்கோபுரமும் காவலரணும் எங்களுக்கு உவமைகளாக இருக்கவில்லை, வீதிமுனையில் இருந்தன. வருபவர்கள் யார் என்று இருட்டுக்குள் பார்த்துக்கொண்டிருப்பது எங்கள் அன்றாடத் தொழிலாக இருந்தது. அந்தப் புயல் ஏற்கெனவே வந்துவிட்டது என்று ஹென்ட்றிக்ஸின் கிற்றார் சொன்னபோது அதை நம்புவதற்கு எங்களுக்கு உரை எதுவும் தேவைப்படவில்லை.

டிலனின் மூலப் பதிவை நான் கேட்டது 1990களின் நடுப்பகுதியில் கொழும்புக்கு வந்தபின். கேட்டதும் ஏமாற்றமாக இருந்தது. இரண்டரை நிமிடப் பாட்டு. ஒரு சாதாரணக் கிற்றார், பேஸ், ட்றம், இடையிடையே மவுத் ஓர்கன். எவனோ ஒருவன் ஹென்ட்றிக்ஸின் பாட்டைத் திண்ணையில் இருந்து பாடிப் பழகுவதுபோல் இருந்தது. முதலில் கேட்டதே மனத்துக்கு மூலமாகிவிடுகிறது, ஆண்டுக்கணக்கை மனம் பார்ப்பதில்லை. என் மருமகனுக்குக் காஷ் எப்படியோ, எனக்கு ஹென்ட்றிக்ஸ் அப்படி. பல ஆண்டுகள் கழித்து, வீட்டில் எல்லாரும் உறங்கியபின் தனியாக டிலனைக் கேட்டபோதுதான் அந்தப் பதிவின் குளிர் எனக்கு உறைத்தது. அவர் புயலை வரவழைக்கவில்லை. குதிரைவீரர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், காற்று ஊளையிடத் தொடங்குகிறது, பாட்டு முடிந்துவிடுகிறது. கதை தொடங்கவேண்டிய இடத்தில் பாட்டு நின்றுவிடுகிறது. அவர்கள் வந்து சேர்ந்தார்களா, என்ன செய்தார்கள் என்று சொல்வதற்கு எவரும் இல்லை. பயங்கரம் அந்தக் காத்திருப்பில் இருக்கிறது.

1967 நவம்பர் 6ஆம் திகதி நாஷ்வில்லில் டிலன் இதைப் பதிவு செய்தார். 'ஜோன் வெஸ்லி ஹார்டிங்' என்ற தொகுப்பில் அவ்வாண்டு டிசெம்பர் இறுதியில் அது வெளியாயிற்று. ஒரு மாதம்கூட ஆகவில்லை, 1968 ஜனவரி 21ஆம் திகதி இலண்டன் ஒலிம்பிக் கலையகத்தில் ஹென்ட்றிக்ஸ் இதைத் தொடங்கிவிட்டார். ட்றம்மில் மிச் மிச்சல். பன்னிரண்டு தந்திக் கிற்றாரில் டேவ் மேசன். வழக்கமாகப் பேஸ் வாசிக்கும் நோயல் றெடிங் சலிப்படைந்து எழுந்து போய்விட, தட்டில் கேட்கும் பேஸை ஹென்ட்றிக்ஸே வாசித்தார். பின்னர் நியூயோர்க்கில் மேலும் மேலும் அடுக்குகளைச் சேர்த்து, மாதக்கணக்காக இழைத்து, செப்டெம்பரில் வெளியிட்டார். நான்கு நிமிடப் பதிவு. இரண்டாவது சரணத்துக்குப் பின்னர் வரும் நீண்ட கிற்றார்ப் பகுதியைப் பொறுமையாகக் கேட்டால், அது நான்கு பாகங்களாகப் பிரிந்திருப்பது புலப்படும். முதலில் நேராகப் பேசுகிற கிற்றார். அடுத்து, தந்திகளின் மீது எதையோ வழுக்கவிட்டு எழுப்பிய, நீருக்கடியில் இருந்து வருவது போன்ற நாதம். பிறகு வா-வா மிதியின் உதவியோடு மனிதக் குரல்போல் வாய்திறந்து மூடுகிற ஒலி. கடைசியில் தந்திகளை ஒருசேர அடித்து எழுப்பும் தாளம். டிலன் சொல்லாமல் விட்டதையெல்லாம் அவர் தந்திகளால் சொன்னார் என்று நினைக்கிறேன். சொற்களில் ஏறக்குறைய எதையும் மாற்றாமல் பாட்டின் காலத்தை மாற்றினார். டிலனிடம் வரவிருந்தது, இவரிடம் வந்துவிட்டது.

ஹென்ட்றிக்ஸ் 1970 செப்டெம்பர் 18ஆம் திகதி 27 வயதில் இறந்தார். அதன்பின் நடந்ததுதான் இந்த விவகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1974இல் டிலன் மீண்டும் சுற்றுப்பயணம் கிளம்பியபோது இந்தப் பாட்டைத் தன் பழைய வடிவில் பாடவில்லை, ஹென்ட்றிக்ஸின் வேகத்தோடும் முழக்கத்தோடும் பாடினார். அவர் இறந்தபின் இதை அந்த விதமாகவே பாடிவருவதாகவும், பாடும்போதெல்லாம் அவருக்குச் செலுத்தும் அஞ்சலியாகவே உணர்வதாகவும் டிலனே பின்னர் எழுதியிருக்கிறார். மேடைகளில் 2000 தடவைக்கு மேல் அவர் பாடிய பாட்டு இது. வேறெந்தப் பாட்டையும் அவர் இத்தனை தடவை பாடியதில்லை. எழுதியவர் தன் பாட்டைத் தானே 'கவர்' செய்துகொண்டிருந்தார் என்றும் சொல்லலாம்.

பேசுகிற ஆளை மாற்றிப் பாட்டைத் தலைகீழாக்கியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அறீத்தா பிராங்ளின். 'றெஸ்பெக்ற்' பாடலை 1965இல் எழுதிப் பாடிய ஓட்டிஸ் றெடிங், உழைத்துக் களைத்து வீடு திரும்பும் கணவனாக நின்று மனைவியிடம் மரியாதை கேட்டார். அறீத்தா 1967 பெப்ரவரி 14ஆம் திகதி அதே பாட்டை அந்த மனைவியின் வாயில் வைத்தார். மரியாதை என்ற சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்கிற இடமும், பின்னணியில் அவருடைய சகோதரிகள் எழுப்பும் குரல்களும் மூலத்தில் இல்லாதவை. அமெரிக்காவில் அது பெண்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் உரிமைக் கீதமாயிற்று. ஆனால் காசுக்கணக்கு இங்கேயும் விசித்திரமானது. அமெரிக்க வானொலிகள் எழுதியவருக்கே உரிமத்தொகை செலுத்துகின்றன, பாடியவருக்குக் கொடுப்பதில்லை. வானொலியில் அந்தப் பாட்டு ஒலித்த இத்தனை ஆண்டுகளிலும் அந்தப் பணம் றெடிங்கின் தரப்புக்குப் போயிற்று, அறீத்தாவுக்குப் போகவில்லை. மரியாதை கேட்ட பாட்டின் கதி அது.

பீற்றில்ஸ் குழுவின் றிங்கோ ஸ்ரார் 1967இல் தோழமையோடு துள்ளிப் பாடியதை, ஜோ கொக்கர் மறு ஆண்டில் தாளத்தையே மாற்றி, மூச்சு முட்டும் ஒரு மன்றாட்டாக ஆக்கியதையும் இந்த வரிசையில் சேர்க்கவேண்டும். அதை விரித்துச் சொல்லத் தேவையில்லை, வூட்ஸ்ரொக் விழாவின் படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கைகளின் நடுக்கம் மறந்திருக்காது.

மூலம் எது என்ற கேள்வியைத் தோண்டிக்கொண்டே போனால் அடி தட்டுப்படாமலே போய்விடும் என்பதற்கு 'த ஹவுஸ் ஒவ் த றைசிங் சன்' சாட்சி. நம்மில் பெரும்பாலோர் இதை இங்கிலாந்தின் அனிமல்ஸ் குழுவினரின் பாட்டாகவே அறிவோம். எறிக் பேர்டனின் அடித்தொண்டைக் குரல், ஹில்ரன் வலன்ரைன் ஒவ்வொரு தந்தியாகப் பிரித்து வாசிக்கும் கிற்றார், அலன் பிறைஸின் ஓர்கன். 1964 மே 18ஆம் திகதி இலண்டனில், சக் பெறியோடு சுற்றுப்பயணத்தில் இருந்தபோது, இடையில் கிடைத்த நேரத்தில் ஒரே மூச்சில் பதிவு செய்தார்கள். நான்கு நிமிடத்துக்கு மேற்பட்ட பாட்டை வானொலி போடாது என்ற அக்காலத்து நியதியை மீறி, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடத்துக்குப் போயிற்று.

அதற்கு முன்பே 1962இல் டிலன் தன் முதல் தொகுப்பில் இதைப் பாடியிருந்தார். அவர் பாடியது நியூயோர்க்கின் நாட்டார் பாடகர் டேவ் வான் றொங்க் அமைத்திருந்த சுர அடுக்கை எடுத்துக்கொண்டு. வான் றொங்க்கும் அதைப் பதிவு செய்ய எண்ணியிருந்தார். கேட்காமலே டிலன் முந்திக்கொண்டார். அதன்பின் மேடைகளில் வான் றொங்க் பாடினால், டிலனின் பாட்டைத் திருடிப் பாடுகிறார் என்று சனங்கள் சொல்லத் தொடங்கினார்கள். அவர் பாடுவதை நிறுத்திக்கொண்டார். பின்னர் அனிமல்ஸின் தட்டு வந்தது. இப்போது டிலன் பாடினால் அனிமல்ஸைப் பார்த்துப் பாடுகிறார் என்றார்கள். டிலனும் நிறுத்திக்கொண்டார். வான் றொங்க் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். சிரிக்கக் கூடிய மனம் அவருக்கு இருந்தது.

வான் றொங்க்குக்கும் முன்னால் போனால் 1937இல் கென்ரக்கி மாநிலத்தின் மிடில்ஸ்பரோ என்ற ஊர் வருகிறது. நாட்டார் பாடல்களைச் சேகரிக்க ஒலிப்பதிவுக் கருவியோடு ஊரூராகப் போன அலன் லோமக்ஸுக்கு, அங்கே ஜோர்ஜியா ரேனர் என்ற 16 வயதுப் பெண் இதைப் பாடிக் காட்டினாள். கெட்டுப்போனதாகப் பாட்டில் சொல்வது ஒரு பெண், தன் தங்கைக்கு எச்சரிக்கை சொல்கிறாள். அனிமல்ஸ் அதை ஒரு பையனாக மாற்றிவிட்டார்கள். ரேனரின் பதிவில் அந்தப் பெண் அந்தப் பெண்ணாகவே இருக்கிறாள். இன்று அந்தப் பதிவை இணையத்தில் எவரும் கேட்கலாம். ரேனரும் அதை எவரிடமோ கேட்டுத்தான் பாடியிருப்பாள். 1933இலேயே வேறு நாட்டார் பாடகர்கள் இதைத் தட்டில் பதிவு செய்திருந்தார்கள்.

1941இல் லோமக்ஸ் இந்தப் பாட்டைத் தன் தொகுப்பு நூலில் சேர்த்தபோது, பாடித் தந்தவள் ஜோர்ஜியா ரேனர் என்று பெயரை அச்சிட்டார். அவர் 1969இல் காலமானார். அனிமல்ஸின் தட்டில் ஐந்து பேர் வாசித்துப் பாடியிருக்க, மரபுப் பாடல், அமைத்தவர் என்ற குறிப்போடு அச்சாகியிருப்பது அலன் பிறைஸ் ஒருவரின் பெயர். தட்டின் நடுவில் ஒட்டும் வட்டத்தாளில் எல்லாப் பெயர்களுக்கும் இடம் போதவில்லை என்று மற்ற நால்வருக்கும் சொல்லப்பட்டதாம்.